மிதிவண்டியில் ஒரு திராட்சைப் பள்ளத்தாக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

'விடுமுறை' என்னும் சொல் எல்லா வீடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் அச்சொல்லைக் கண்டதும் நம் உள்ளம் துள்ளுகிறது. எங்கள் வீட்டிலோ அதற்கு வேறு பொருள். என் தந்தையார் பட்டாசு ஆலைத் தொழிலாளி. தீபாவளி முடிந்ததும் சில வாரங்களுக்கு ஆலை பூட்டிக் கிடக்கும். அடைமழை பெய்தால் காயப்போட்ட சரக்கு உலராது. அன்றும் வேலை இல்லை. "இன்னைக்கு அப்பாவுக்கு லீவு" என்று என் தாயார் சொல்லும்போது அவர் பார்வை அரிசிப் பானையின் பக்கம் போகும். கூலி இல்லாத நாளுக்கு எங்கள் வீட்டில் விடுமுறை என்று பெயர்.

இந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். ஆகவே, "நண்பர்களோடு ஏழு நாள் மிதிவண்டியில் கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்து வருகிறேன்" என்று சென்ற மார்கழியில் நான் சொன்னபோது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. "அங்க என்ன வேலைய்யா?" என்றார் தந்தையார். "வேலை ஒன்றும் இல்லையப்பா, சும்மாதான்" என்றேன். "சும்மா போறதுக்கு எதுக்குய்யா அவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு அவர் வாயிற்படியில் அமர்ந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அதற்கான விடைதான்.

லுவார் நதிக்கரையில்

இந்த எண்ணம் எனக்குத் தானாக உதித்ததன்று. நூலகத்தில் ஓய்வு வேளையொன்றில் புரட்டிய இதழில், பிரான்சு நாட்டு லுவார் பள்ளத்தாக்கில் மக்கள் மிதிவண்டியில் விடுமுறையைக் கழிக்கும் விதத்தைப் படித்தேன். லுவார் அந்நாட்டின் மிக நீளமான ஆறு. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. இரு கரைகளிலும் திராட்சைத் தோட்டங்கள். இடையிடையே பழைய அரண்மனைகள். லியோனார்டோ டா வின்சி 1519-இல் உயிர் நீத்த அம்புவாசு நகரமும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கின் நடுப்பகுதியை யுனெசுகோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு மிதிவண்டிப் பாதை அமைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர். இரவில் ஒரு சிற்றூரில் தங்கல். வழியில் தோட்டக்காரரிடம் ஒரு பேச்சு. பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. இளைஞர்களோடு பணி ஓய்வு பெற்ற முதியவர்களும் இப்படிப் போகிறார்களாம்.

"வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு" என்றுதான் முதலில் நினைத்தேன். மேலும் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. 1936-ஆம் ஆண்டு மே, சூன் மாதங்களில் பிரான்சின் ஆலைத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பயனாக அவ்வாண்டு சூன் மாதத்தில், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று அங்கே சட்டம் பிறந்தது. வேலை செய்யாத நாளுக்கும் கூலி! இரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு சலுகையும் அளிக்கப்பட்டது. அவ்வாண்டுக் கோடையில் தொழிலாளர் பலர் மிதிவண்டிகளில் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டை இருக்கை வண்டியில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, வாழ்வில் முதன்முறையாகக் கடலைப் பார்க்கப் போனவர்களும் உண்டு.

நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு என்று வகுத்தது. ஆனால் மழைக்கும் பண்டிகைக்கும் ஏற்ப நின்று நின்று ஓடும் தொழிலில், தினக்கூலிக்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் உழைப்பவர்களுக்கு அந்த 240 நாள் எட்டாத கணக்காகவே இருந்தது. என் தந்தையார் ஒரு நாளும் 'சும்மா' எங்கும் போனதில்லை. அவர் மிதிவண்டி ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் ஓடியிருக்கிறது. அவர் மகன் அந்த வட்டத்தைத் தாண்டி ஒருமுறையேனும் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

லுவாருக்குப் போக நம்மால் இயலுமா? ஆனால் ஆறும் திராட்சையும் மலையும் சேர்ந்த பள்ளத்தாக்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குதான் அது.

புறப்பாடு

நாங்கள் மூவர். மூவருக்கும் மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிதான் வாகனம். மார்கழி மாதம் சிவகாசியில் காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் காலம். தேர்வு விடுமுறையின் முதல் பத்து நாள் காலண்டருக்குத் தகரம் அடித்து ஆளுக்கு எண்ணூறு ரூபாய் ஒதுக்கி வைத்துக்கொண்டோம். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, ஒரு போர்வை, அவல், பொரிகடலை, வெல்லம் ஆகியவை எங்கள் மூட்டை.

திருவில்லிபுத்தூர், கிருட்டிணன்கோவில், தே. கல்லுப்பட்டி, பேரையூர் வழியாக முதல் நாள் மாலை உசிலம்பட்டி சேர்ந்தோம். எண்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்ததால் அன்று நடந்தது ஓட்டம். உலா என்று சொல்ல முடியாது. நண்பனின் மாமா வீட்டில் சோறு தின்ற கையோடு உறங்கிப்போனோம்.

மறுநாள் ஆண்டிபட்டிக் கணவாய். ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அதுவரை வழியெங்கும் நம் ஊர்க் காட்சிதான்: வெடித்த கரிசல், பருத்தி, வேலிக்கருவை. கணவாய் கடந்து, தேனியைத் தாண்டி, வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலருகே பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். கீழே முல்லை ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்து பல நாளாகியும் ஆறு இரு கரை தொட்டு ஓடியது. வைப்பாற்றையும் அர்ச்சுனா நதியையும் மணலாகவே பார்த்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. மூவரும் அரை மணி நேரம் பேசாமல் நின்றோம். பேருந்தில் போயிருந்தால் அந்தப் பாலம் சில நொடிகளில் கடந்து போயிருக்கும்.

பந்தலுக்குக் கீழே

அன்றிரவு உத்தமபாளையத்தில் மற்றொரு நண்பனின் சித்தி வீட்டில் தங்கினோம். அடுத்த மூன்று நாளும் அந்த வீடே எங்கள் பாசறை. காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம், பனி விலகுமுன் பத்துக் கிலோமீட்டர், பசித்த இடத்தில் இட்டிலி, உச்சி வெயிலில் மரத்தடி, மாலையில் திரும்புதல். இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் என்று ஊர் ஊராகச் சுற்றினோம். மேற்கே மலைச்சுவர், கிழக்கே மலைச்சுவர், நடுவே நெல், தென்னை, வாழை, திராட்சை.

பிரான்சில் திராட்சைக் கொடிகளை வரிசை வரிசையாக வேலிபோல் கட்டுவார்கள். இங்கே கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி வலை பின்னி, பந்தலில் படர விடுகிறார்கள். பந்தலுக்குக் கீழே போனால் பகலிலும் பச்சை இருட்டு. தலையில் இடிக்கும்படி கருநீலக் குலைகள் தொங்கும். பெரும்பாலும் பன்னீர்த் திராட்சை. தாவரவியலார் இவ்வகையை 'மசுகட் ஆம்பர்க்' என்பர். ஒரு பழத்தை வாயிலிட்டால் உரோசா மணம் வீசும். அதற்குக் காரணம் நம் பாடத்தில் வரும் டெர்பீன் வகைச் சேர்மங்கள். உரோசா எண்ணெயில் இருக்கும் செரானியால் இந்தப் பழத்திலும் இருக்கிறது.

இந்தப் பழத்தைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பது இங்கு வழங்கிவரும் செய்தி. 2023-ஆம் ஆண்டு 'கம்பம் பன்னீர்த் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மதுவாகும் பழம் இங்கே பெரும்பாலும் தின்பதற்கே சந்தைக்குப் போகிறது.

சுருளிப்பட்டிச் சாலையில் ஒரு தோட்டத்தருகே எங்களில் ஒருவனுடைய வண்டி பஞ்சரானது. நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "எங்கிருந்து வர்றீங்க தம்பிகளா?" என்றார். "சிவகாசிங்கய்யா" என்றோம். "சைக்கிள்லயா?" என்று வியந்தவர், உள்ளே அழைத்து ஆளுக்கொரு குலை பறித்துக் கொடுத்தார். அந்தப் பஞ்சரால் எங்களுக்குக் கிடைத்தது ஒரு வகுப்பு.

குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். ஆகவே அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே பனியும் இல்லை, உறக்கமும் இல்லை. விட்டுவிட்டால் கொடி இலையாகவே தழைத்துப் பழத்தை மறந்துவிடும். எனவே கத்தரிக்கோலால் 'கவாத்து' செய்கிறார்கள். அந்த வெட்டு, கொடிக்கு நாம் உண்டாக்கும் பனிக்காலம். கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். "முறையாச் செஞ்சா ரெண்டு வருசத்துக்கு அஞ்சு வெள்ளாமை எடுக்கலாம்" என்றார் பெரியவர். ஆளுக்கொரு மாதம் கவாத்து செய்வதால் பள்ளத்தாக்கில் ஏதேனும் ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். ஒரு பந்தலில் மொட்டைக் கொடியும் அடுத்த பந்தலில் பழுத்த குலையும் இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"அப்ப லாபம் நல்லாத்தான் இருக்கும்" என்றான் நண்பன். பெரியவர் சிரித்தார். பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். எல்லாத் தோட்டமும் ஒன்றாகப் பழுத்தால் விலை விழுந்துவிடும். பறித்த பழம் காத்திருக்காது. மழை பெய்தால் எங்கள் வீட்டில் கூலி இல்லை. அவர் வீட்டில் பழம் இல்லை. வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும்

தோட்டத்து மூலையில் ஒரு பிளாசுடிக் தொட்டி. அதில் வானத்து நீலத்தில் ஒரு கலவை. "என்னங்கய்யா இது?" என்றேன். "போர்டோ கலவை" என்றார். போர்டோ பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற திராட்சை நகரம்! சுருளிப்பட்டி விவசாயி வாயில் அப்பெயரைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அதன் கதை சுவையானது. 1870-களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்சின் திராட்சைக் கொடிகளை வாட்டியது. 1882-இல் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே ஒரு தோட்டத்தின் வழியே போனபோது வியப்பான காட்சியைக் கண்டார். உள்ளே இருந்த கொடிகள் எல்லாம் நோயுற்றிருக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாய் நின்றன. விசாரித்தபோது, வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க, பார்த்தாலே பயம் தரும்படி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து சாலையோரக் கொடிகளில் தெளித்ததாகத் தோட்டக்காரர் சொன்னார். திருட்டுக்குப் போட்ட வேலி நோய்க்கும் வேலியாயிற்று! மில்லார்தே ஆராய்ந்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார்.

தயாரிப்பு முறை எளிது. நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். தாமிர ஐதராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் உண்டாகி இலையில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பதம் பார்க்கப் பெரியவர் இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்து எடுத்தார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இரும்பு தாமிரத்தை வெளியேற்றும் இடப்பெயர்ச்சி வினை அது! ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் செய்து மதிப்பெண் வாங்கிய வினையை, பள்ளிக்கூடமே போகாத ஒருவர் கத்தி முனையில் காட்டினார். குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சிவகாசியில் வானவெடி நீல நிறத்தில் பூப்பதும் தாமிர உப்பினால்தான். ஒரே தனிமம் எங்கள் ஊரில் ஒரு நொடி வானத்தில் ஒளிர்கிறது; இந்த ஊரில் இலைமேல் இருந்து பயிரைக் காக்கிறது.

தண்ணீர் வந்த வழி

நான்காம் நாள் கம்பம், கூடலூர் கடந்து லோயர் கேம்பு சென்றோம். தேனியிலிருந்து அதுவரை சாலை கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகிறது என்பதை எங்கள் தொடைகள்தாம் கண்டுபிடித்தன. அங்கே மலைச்சரிவில் பெருங்குழாய்கள் இறங்குகின்றன; அடிவாரத்தில் நீர்மின் நிலையம்; அருகே பென்னிகுயிக் மணிமண்டபம். அது 2013-இல் திறக்கப்பட்டது.

பெரியாறு இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், அந்த நீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை உயிர் பெற்றது. பொறியாளர் சான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் அணை வேலை தொடங்கி 1895-இல் முடிந்தது. காடு, வெள்ளம், காய்ச்சல் இவற்றுக்கிடையே வேலை நடந்தது. தொழிலாளர் பலர் மாண்டனர். அணையில் தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி, சுருளியாற்றோடும் முல்லையாற்றோடும் சேர்ந்து வைகையை அடைகிறது. வீரபாண்டிப் பாலத்தில் நாங்கள் பார்த்த தண்ணீர் அதுதான். பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பதையும், அவர் பிறந்த சனவரி 15-இல் மக்கள் பொங்கல் வைப்பதையும் அறிந்து வியந்தோம்.

மணிமண்டப வாயிலில் அமர்ந்து பொரிகடலை தின்றுகொண்டே எண்ணிப் பார்த்தேன். அந்த மலைத்தொடரின் மழைமறைவில்தான் நம் மாவட்டமும் இருக்கிறது. இங்கே மலையைத் துளைத்தார்கள், தண்ணீர் வந்தது, நெல்லும் திராட்சையும் வந்தன. நம் சிவகாசிக்குத் தண்ணீர் வரவில்லை. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். பயிருக்குப் பகையான வறண்ட காற்றே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் துணையாயிற்று. ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் ஈரத்தை நம்பி வாழ்கிறார்கள். ஓர் ஊரின் மக்கள் வறட்சியை நம்பி வாழ்கிறார்கள். இரண்டையும் ஒரே சாலையில் மிதித்துக் கடந்ததால்தான் இது எனக்கு விளங்கியது.

நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

போக விரும்புவோர் பேருந்தில் தேனி வரை சென்று, அங்கிருந்து மிதிவண்டியில் தொடங்கினால் உடல் நோகாது. நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் போதும். ஆனி, ஆடியில் மேல்காற்று எதிர்த்தடிக்கும். மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. நெடுஞ்சாலையை விடுத்து ஊர்ச்சாலைகளில் செல்க. கேட்காமல் பழம் பறிக்கற்க. கேட்டால் அவர்களே தருவார்கள். மருந்து தெளித்த பழமாகையால் கழுவாமல் உண்ணற்க. குறிப்பேடு ஒன்று கட்டாயம் வேண்டும்.

விடை

ஏழாம் நாள் இரவு வீடு திரும்பினேன். மூட்டையில் இரண்டு கிலோ பன்னீர்த் திராட்சை, பாதி நசுங்கியிருந்தது. தாயார் ஒரு பழத்தை வாயிலிட்டுவிட்டு, நான் சொன்ன அணைக் கதையைக் கேட்டார். பிறகு, "அந்தத் தண்ணி நம்ம பக்கம் வராதாய்யா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் என்னிடம் விடை இல்லை. ஆனால் ஏழு நாளுக்கு முன் அந்த வீட்டில் அப்படியொரு கேள்வியே பிறந்திருக்காது.

தந்தையார் போர்டோ கலவையைப் பற்றித்தான் மீண்டும் மீண்டும் கேட்டார். நீல மருந்து அவருக்குத் தெரிந்த பொருள். "அதையா இலையில அடிக்கிறாங்க?" என்று வியந்தார். நெடுநேரம் கழித்து, "அந்தப் பாலம் எவ்வளவு தூரம்?" என்றார். "தேனிக்குப் பக்கம், அப்பா" என்றேன். "ஆலை லீவு விடும்போது பார்ப்போம்" என்றார். அந்த 'லீவு' என்ற சொல்லை அவர் அரிசிப் பானையை நினைக்காமல் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

சும்மா போவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் என்பதே கேள்வி. சும்மா போனதால்தான் நாங்கள் பாலத்தில் நின்றோம். பஞ்சர் ஒட்டிய இடத்தில் பாடம் கேட்டோம். நம் ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்பதை இன்னோர் ஊரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பிரெஞ்சுத் தொழிலாளர் 1936-இல் போராடிப் பெற்ற இரண்டு வாரத்தின் மதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். உழைப்பவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சும்மா இருக்கும் சில நாள்கள், கூலி குறையாமல், கிடைக்க வேண்டும். பட்டம் பெற்று நம்மில் சிலர் நாளை அலுவலர்களாகவும் ஆலை நடத்துபவர்களாகவும் ஆகலாம். அன்று விடுப்புப் பட்டியலில் கையெழுத்திடும்போது இதை நினைவில் வைப்போம்.

அதுவரை, நண்பர்களே, வீட்டு மூலையில் சாத்தி வைத்திருக்கும் மிதிவண்டிக்குக் காற்றடியுங்கள்!